வைத்தியசாலையில் ஆளில்லை, வந்தவர் யாரென்று தெரியவில்லை: திருகோணமலை மக்களுக்கு ஒரு முறைப்பாட்டு வழிகாட்டி

சிகிச்சையில் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஒன்றையே செய்கிறார்கள். மனதில் உள்ளதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, சுகாதார அமைச்சர் தொடக்கம் பிரதேச செயலாளர் வரை அதே கடிதத்தின் பிரதிகளை அனுப்புகிறார்கள். அது ஒவ்வொரு மேசையிலிருந்தும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு அடுத்த மேசைக்குப் போகும். அதற்குள் சட்டம் தந்த கால எல்லை முடிந்துவிடும். கீழே உள்ள ஒழுங்கில் செய்தால் அந்த நாட்கள் வீணாகாது.

1. எந்தக் கதவைத் தட்டுவது என்று முதலில் முடிவெடுங்கள்

உங்கள் பிரச்சினை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஆளில்லை. வைத்தியர் வாரத்தில் சில நாட்கள்தான் நிற்கிறார், எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை, பிரசவ வார்ட்டில் இரவு முழுக்க ஒரே மருத்துவமாது. இது நிர்வாகப் பிரச்சினை. இதை, வைத்தியர்களைப் பதிவுசெய்யும் இலங்கை மருத்துவ சபைக்கு எழுதிப் பயனில்லை. ஒரு வைத்தியரை மூதூருக்கோ புல்மோட்டைக்கோ நியமிக்கும் அதிகாரம் அந்தச் சபைக்குக் கிடையாது.

இரண்டாவது, பதிவுள்ள ஒருவர் தொழிலில் தவறியிருக்கிறார். கவனிக்காமல் விட்டார், சம்மதம் கேட்காமல் செய்தார், பொய்யான மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார். இதற்குத்தான் அவரவர் தொழிலுக்குரிய சபை.

மூன்றாவது, ஆளே பதிவில்லாதவர். இவரை மருத்துவ சபை ஒழுக்காற்று விசாரணைக்கு எடுக்க முடியாது, ஏனென்றால் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்கு அங்கே இவருடைய பெயரே இல்லை. இது பொலிசுக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கும் உரிய விடயம்.

முதலாவதும் இரண்டாவதும் கலந்து வருவது அடிக்கடி நடக்கும். அப்போது இரண்டு தனிக் கடிதங்கள் எழுதுங்கள். இரண்டு வார்ட்டை ஒருவர் பார்த்த இரவில் நடந்த பிழைக்கு அந்த ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கினால், அவரும் மாற்றம் வாங்கிக்கொண்டு போவார். வார்ட் இன்னும் வெறுமையாகும். அன்றிரவு எத்தனை பேர் கடமையில் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம். உங்களுக்கும் அதுவே பலம்.

2. பதிவைப் பாருங்கள், சரியான பதிவேட்டில் பாருங்கள்

எம்.பி.பி.எஸ். வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவமாது, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர் ஆகியோர் 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். ஆர்.எம்.பி., ஏ.எம்.பி. என்று பலகையில் போடுபவர்களும் அங்கேதான். முன்பு அப்போதிக்கரி என்று ஊரில் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர், ஆனால் சட்டப்படி பதிவுள்ளவர்கள். இவர்களைப் போலி என்று முறையிட்டால் உங்கள் கடிதம் முதல் நாளே விழுந்துவிடும்.

தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை தாதியர் சபை தனியாக இருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆயுர்வேத மருத்துவ சபை. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவரை மருத்துவ சபைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். அதற்காக அவர் பதிவில்லாதவர் என்று ஆகாது.

மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைக் கொண்டும் இலக்கத்தைக் கொண்டும் தேடலாம், கட்டணம் இல்லை. இலக்கத்தைக் கொண்டு தேடுவதே நல்லது. வைத்தியரின் ரப்பர் முத்திரையில் பெயர், பட்டம், எஸ்.எல்.எம்.சி. (இலங்கை மருத்துவ சபைப் பதிவு) இலக்கம் மூன்றும் இருப்பது வழக்கம். மருந்துத் துண்டிலோ மருத்துவச் சான்றிதழிலோ அதைத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். முகமது போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள். பெண் வைத்தியர்கள் பலர் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பதிந்திருப்பார்கள், பலகையில் கணவரின் பெயர் இருக்கும். பெயர் வரவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் போலி என்று சொல்லாதீர்கள். இலக்கத்தைக் கேளுங்கள், எந்தப் பதிவேட்டின் இலக்கம் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, மரியாதையாகக் கேட்டால் பதிவுள்ளவர் யாரும் மறைக்கமாட்டார்.

தற்காலிகப் பதிவு என்று ஒன்றும் உண்டு. உள்ளகப் பயிற்சியில் இருக்கும் இளம் வைத்தியருக்குப் பயிற்சி முடியும் வரை அதுதான். அவர் நியமிக்கப்பட்ட அரச வைத்தியசாலையில் வேலை செய்யலாம், தனியாக கிளினிக் வைக்க முடியாது. மற்றபடி, அரச வைத்தியர் கடமை நேரத்துக்கு வெளியே மாலையில் கிளினிக் நடத்துவது சட்டப்படி சரிதான்.

ஆளைப் போல இடத்துக்கும் பதிவு வேண்டும். தனியார் வைத்தியசாலை, கிளினிக், ஆய்வுகூடம், பல் சிகிச்சை நிலையம் ஆகியன 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப் பேரவையில் பதிய வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். சுவரில் சான்றிதழ் தொங்கினால் முதலில் ஆண்டைப் பாருங்கள். பாமசிக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அங்கே ஒரு மருந்தாளரின் சான்றிதழ் பிரேம் போட்டுத் தொங்கும், ஆனால் மருந்து எடுத்துத் தருபவர் வேறு ஆளாக இருப்பார். மருந்தாளர் தட்டுப்பாட்டால் சான்றிதழை மட்டும் மாத வாடகைக்குக் கொடுக்கும் பழக்கம் நாட்டில் பரவிக் கிடக்கிறது. "மருந்தாளர் இப்போது இருக்கிறாரா?" என்று கேட்டுப் பழகுங்கள். குழந்தைக்கு மருந்து வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள்.

வெள்ளை உடுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். தனியார் கிளினிக்குகளில் "நேர்ஸ்" என்று அழைக்கப்படும் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே வேலை பழகிய உதவியாளர்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை. நாளத்தில் ஊசி ஏற்றுவதும் சேலைன் போடுவதும் வேறு விடயம். அதற்கு முன் கேளுங்கள்.

3. கடிதம் எழுதுமுன் ஆவணங்களைச் சேருங்கள்

முறைப்பாடுகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வீட்டில் இருப்பவற்றை இன்றே ஒரு கோவையில் போடுங்கள்: கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்துத் துண்டுகள், ஆய்வுகூட அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், பணம் கட்டிய பில்கள். மிஞ்சிய மாத்திரைகளை அவற்றின் உறையோடு வையுங்கள். உறையில் கையால் எழுதிய அளவு ஒரு சான்று. மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோப் பிரதி போதும். வெயிலில் மங்கும் தாளில் அச்சான பில்களை உடனே பிரதி எடுங்கள், சில மாதங்களில் எழுத்து அழிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் நாள், நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார் என்று வரிசையாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "காலை ஏழு மணிக்கு வார்ட்டில் இருந்த ஆண் வைத்தியர்" என்றாவது எழுதுங்கள். கடமைப் பட்டியலைக் கொண்டு பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். நினைவு மங்குமுன் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாவற்றிலும் பெரியது பெட் ஹெட் டிக்கெட். கட்டில் தலைமாட்டில் இருக்கும் அந்தக் கோவையில்தான் எந்த நேரம் என்ன மருந்து கொடுக்கப்பட்டது, யார் பார்த்தார் என்பது எழுதப்பட்டிருக்கும். நோயாளி வீட்டுக்குப் போனதும் அது வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். அரச வைத்தியசாலையானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதி கேட்கலாம். ஒருவரின் மருத்துவப் பதிவை அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மற்றவருக்குக் கொடுக்க மறுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே நோயாளியே கையெழுத்திடுவது நல்லது, அல்லது அவருடைய சம்மதக் கடிதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் இணையுங்கள். இறந்தவருக்காகக் கேட்பவர் உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும். தனியார் வைத்தியசாலையானால் முகாமையாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

மரணம் நடந்திருந்தால் இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுமுன் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் வாயால் சொல்லுங்கள், அவர் எழுதும் வாக்குமூலத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். "சந்தேகம் இல்லை" என்ற வரியின் கீழ் அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு பிரேத பரிசோதனை கேட்டால், நீதவான் உத்தரவோடு உடலைத் தோண்டி எடுக்க வேண்டி வரும். விரைவாக அடக்கம் செய்ய வேண்டிய குடும்பங்கள், பிரேத பரிசோதனையை விரைவில் முடித்துத் தரும்படி சட்ட வைத்திய அதிகாரியிடமே கேளுங்கள். தயங்க வேண்டாம்.

4. பிரச்சினை ஆள் பற்றாக்குறை என்றால்: எண்ணிக்கையைக் கேளுங்கள்

"எங்கள் வைத்தியசாலையில் வைத்தியர் போதாது" என்ற மனுவுக்கு "நாடு முழுவதும் பற்றாக்குறை" என்ற பதிலே வரும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் வெளிநாடு போனது உண்மை, அதனால் அந்தப் பதிலை மறுக்கவும் முடியாது. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். தகவல் உரிமை விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்:

"இவ்வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, தற்போது நிரப்பப்பட்டுள்ள பதவிகள், வெற்றிடங்கள் ஆகியவற்றைப் பதவி வாரியாகத் தருக. இவ்வைத்தியசாலையின் ஆளணியில் சம்பளம் பெற்றுக்கொண்டு வேறிடத்தில் தற்காலிகமாக இணைக்கப்பட்டுள்ளவர்களின் எண்ணிக்கையையும் அந்த இணைப்புக் கடிதங்களின் பிரதிகளையும் தருக."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காகிதத்தில் இடம் நிரம்பியிருக்கும், ஆள் நகரத்தில் வேலை செய்வார். வெற்றிடம் இல்லை என்று காட்டுவதால் புதியவரும் நியமிக்கப்படமாட்டார். தூரத்து வைத்தியசாலைகளை வெறுமையாக்குவதில் இந்தத் தற்காலிக இணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

"ஏன் நியமிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை, விளக்கம் சொல்வது அல்ல. அந்தக் கேள்வி ஒன்றே விண்ணப்பம் திரும்பி வரப் போதும்.

விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. ஏ4 போட்டோப் பிரதியில் முதல் நான்கு பக்கம் இலவசம், பிறகு பக்கத்துக்கு 2 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. தமிழில் எழுதலாம். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வாங்காமல் வராதீர்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும், பெரிய கோரிக்கையானால் மேலும் 21 நாள் எடுக்கலாம். ஒருவரின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மறுத்தால் 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் முடிவெடுக்க மூன்று வாரம். அதிலும் தீராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. சில வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். எது யாருடையது என்று வைத்தியசாலை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். மாகாணத்துக்கு உரியதானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருக்கு மேலே மாகாணப் பணிப்பாளர். இரண்டு அலுவலகமும் திருகோணமலையிலேயே இருப்பதால் எங்கள் மாவட்டத்துக்கு அலைச்சல் குறைவு.

5. பதிவில்லாதவர் என்று சந்தேகித்தால்

நேரில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். பலகை இரவோடிரவாக இறங்கும், மருந்துகள் மறையும். பேஸ்புக்கில் போடுவதும் அதே வேலையைத்தான் செய்யும். அதோடு, தகவல் பிழையானால் வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

பலகையின் படம், உங்களுக்குத் தந்த துண்டு, மருந்து உறை ஆகியவற்றோடு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். மருந்து சம்பந்தப்பட்டதானால் அங்கே உணவு, ஔடத பரிசோதகர் இருப்பார், அவர் பெயருக்கும் ஒரு பிரதி. யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டிருந்தால் பொலிசில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். பாதிக்கப்பட்டவருக்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் கடிதமெல்லாம் பிறகு, முதலில் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

6. மருத்துவ சபைக்கு முறைப்பாடு

சபை கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதி, 31ஆம் இலக்கத்தில் இருக்கிறது. கடிதம் பதிவாளருக்குப் போக வேண்டும், தபாலில் அனுப்பலாம். இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

வெறும் கடிதம் போதாது, சத்தியக்கடதாசியும் வேண்டும். பெயர் போடாத கடிதத்தை மறந்துவிடுங்கள். சத்தியக்கடதாசியில் உங்கள் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், நடந்தது என்ன என்பதை எண்ணிட்ட பந்திகளாக எழுதி, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் முன்னால்தான் வைக்க வேண்டும். சமாதான நீதவானின் அதிகாரம் ஒரு நீதிமன்றப் பிரிவுக்கு மட்டுமா, முழுத் தீவுக்குமா என்று முத்திரையில் பாருங்கள். சட்டத்தரணியிடம் எழுதுவித்தால் எழுதுகூலி ஆளுக்கு ஆள் மாறும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நேரில் கண்டதை "கண்டேன்" என்றும், பிறர் சொன்னதை "இன்னார் சொன்னார்" என்றும் பிரித்து எழுதுங்கள். இன்னாரிடமிருந்து தனிச் சத்தியக்கடதாசி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. "கொலைகாரன்", "பணப்பேய்" போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். வலி எவ்வளவு இருந்தாலும் அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தைத்தான் பலவீனமாக்கும். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. மேலே ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம் வைத்தால் வேலை விரைவாகும்.

முதலில் ஒரு பூர்வாங்கக் குழு முறைப்பாட்டைப் பார்க்கும், வைத்தியரிடம் விளக்கம் கேட்கும். விடயம் இருக்கிறது என்று கண்டால் தொழில் நடத்தைக் குழு விசாரிக்கும். அப்போது நீங்கள் சாட்சியாகப் போக வேண்டி வரலாம். எச்சரிக்கை, பதிவு இடைநிறுத்தம், பெயர் நீக்கம் ஆகியன முடிவாக வரலாம். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சபை நட்டஈடு தராது. இதைத் தெரியாமல் சபையின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து நீதிமன்றக் காலத்தை இழந்தவர்கள் நிறையப் பேர்.

தாதியர், சித்த வைத்தியர் பற்றிய முறைப்பாட்டுக்கும் இதே சத்தியக்கடதாசி முறையைக் கையாளுங்கள், முகவரி மட்டும் அந்தந்தச் சபைக்கு.

7. நட்டஈடு வேண்டுமானால் நாட்காட்டியைப் பாருங்கள்

கவனயீனத்தால் வந்த பாதிப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட 2 ஆண்டுதான் காலம். அரச வைத்தியசாலை சம்பந்தப்பட்டதானால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்குத் தாக்கல் செய்யலாம். ஆகவே உண்மையில் உங்களிடம் இருப்பது அதைவிடக் குறைவான காலம்.

அரச வைத்தியசாலையில் நடந்தது அடிப்படை உரிமை மீறலாக இருக்குமானால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் உண்டு, கட்டணம் கிடையாது. முறைப்பாடு கொடுத்த சீட்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வழக்கில் கடினமானது, பிழை நடந்தது என்பதைக் காட்டுவதை விட, அந்தப் பிழையால்தான் பாதிப்பு வந்தது என்பதைக் காட்டுவது. பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கில் ஒரு குழந்தையின் மரணத்துக்கு மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா வழங்கத் தீர்த்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதை முழுமையாக நீக்கியது. நோயை அறிவதில் கவனக்குறைவு இருந்தாலும் மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதுதான் அடிப்படை. ஆகவே அதே துறையின் விசேட வைத்திய நிபுணர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் வழக்குக்குப் போகாதீர்கள். சக வைத்தியருக்கு எதிராக எழுத உள்ளூரில் பலர் தயங்குவார்கள். வேறு மாவட்டத்தில், ஓய்வுபெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது பெட் ஹெட் டிக்கெட்டின் முழுப் பிரதி. டயக்னோசிஸ் கார்ட்டை மட்டும் வைத்து யாரும் கருத்துச் சொல்லமாட்டார்கள்.

பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, அடையாள அட்டை, மூன்றாம் படியில் சேர்த்த கோவை ஆகியவற்றோடு போங்கள். சம்பவம் நடந்த திகதியைக் கோவையின் வெளி அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.